துவக்கில் பெயர் பொறித்த தொழிலாளி

சீல், இலக்கம், முத்திரை என்றால் என்ன எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டில் கிடக்கிற சீல்களைப் பார்த்தே ஆள் எந்த நாட்டாலே, எந்தப் பாதையாலே வந்தது என்று அதிகாரி சொல்லிவிடுவார். கோவை இலக்கத்தைச் சொன்ன பிறகுதான் எங்கட பெயரே அவர்களுக்கு ஞாபகம் வரும். இரும்புக்கும் அப்படித்தான். ஒரு பழைய ஜேர்மன் பிஸ்ரலை மேசையில் வைத்தால், அதில் அடித்திருக்கும் முத்திரைகளை வாசித்தே, எந்த ஊரில் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது, யாருக்காகச் செய்தது, என்ன விலை போகும் என்று சொல்லக் கூடியவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள்.

அந்த முத்திரைகளிலே உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு: மவுசர். அது துவக்கின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவரும் எங்களைப் போல தொழிற்சாலையில் நின்று வேலை செய்த மனிதர். அவருடைய வாழ்க்கையை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மொன்றியலிலும் சுற்றுப்புறத்திலும் பழைய வீடுகள் வாங்கித் திருத்துகிற எங்கட ஆக்கள் இருக்கினம். அந்த வீட்டுப் பேஸ்மன்ரில் ஒருநாள் இந்தப் பெயர் அடித்த இரும்பு ஒன்று அகப்படலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

பிறப்பும் தொழிலும்

ஜேர்மனியின் தெற்கே, அன்றைய வூர்ட்டம்பேர்க் இராச்சியத்தில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் ஓபெர்ன்டோர்ப். 1811 இல் அந்த நாட்டு அரசன் அங்கிருந்த ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தை ஆயுதத் தொழிற்சாலையாக மாற்றினான். செபம் செய்த கட்டடத்தில் துவக்குச் செய்யத் தொடங்கினார்கள்! அந்த ஊரில் அதுதான் பெரிய வேலைத்தலம். அங்கே துவக்குச் செய்யும் கொல்லராக இருந்தவர் பிரான்ஸ் அன்ட்றேயாஸ் மவுசர். அவருடைய பல பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1838 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் திகதி பிறந்தவர்தான் பீற்றர் பவுல் மவுசர்.

சின்ன வயதிலேயே பவுல் தகப்பன் வேலை செய்த அதே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நாலு வயது மூத்த அண்ணன் வில்ஹெல்மும் அங்கேதான். இன்னொரு சகோதரன் 1853 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே றெமிங்ரன் துவக்குக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வெளிநாடு, மற்றவர்கள் ஊரில் என்பது எங்களுக்குப் புதுக்கதை இல்லையே!

1859 இல் பவுலைக் கட்டாய இராணுவ சேவைக்கு எடுத்தார்கள். பீரங்கிப் படையில் சேர்த்து, லூட்விக்ஸ்பேர்க் ஆயுதக் களஞ்சியத்தில் துவக்குத் திருத்தும் வேலை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பிரஷ்ய இராணுவம் ஊசித் துவக்கு என்று ஒரு வகையைப் பாவித்தது. பின்பக்கத்தால் ரவை போட்டு, உள்ளே ஒரு நீண்ட ஊசி குத்தி வெடிக்க வைக்கும் துவக்கு. ஊசி அடிக்கடி முறியும், புகை பின்னால் வரும். திருத்துகிறவனுக்குத்தானே குறை தெரியும். ஊருக்குத் திரும்பி வந்த பவுல், வேலை முடிந்த நேரங்களில் அண்ணனோடு சேர்ந்து ஒரு புதிய பூட்டைச் செய்து பார்த்தார். கைபிடியைத் திருப்பும்போதே அடிக்கிற ஊசியும் தானாகத் தயாராகி நிற்கும். கதவுத் தாழ்ப்பாளைத் திருப்புவது போல ஒரு சின்ன வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலைதான் பின்னர் உலகப் படைகளின் கைகளில் ஏறியது.

முத்திரை வேறு ஆளுக்கு

கையில் காசில்லாத இரண்டு தொழிலாளிகள். 1867 இல் றெமிங்ரன் கம்பனியோடு தொடர்புடைய சாமுவேல் நொறிஸ் என்ற அமெரிக்கர் வந்து அவர்களோடு ஒப்பந்தம் எழுதினார். சகோதரர்கள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் போய் இருந்து வேலை செய்தார்கள். 1868 இல் அமெரிக்காவில் எடுத்த காப்புரிமையில் சகோதரர்களின் பெயரோடு நொறிஸின் பெயரும் ஏறியது. வியாபாரம் சரிவரவில்லை என்று கண்டதும் நொறிஸ் கையைக் கழுவிவிட்டார்.

பிறகு வில்ஹெல்ம் துவக்கைத் தூக்கிக்கொண்டு பிரஷ்ய இராணுவத்திடம் போனார். பல சோதனைகளுக்குப் பிறகு அது 1871 மாதிரி றைபிள் என்ற பெயரில் ஏற்கப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? சகோதரர்களுக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததிலும் மிகக் குறைந்த தொகை. துவக்கை ஸ்பாண்டௌ, டன்சிக், ஏர்புர்ட் முதலிய அரச தொழிற்சாலைகளில் செய்தார்கள். அதன் குழலில் அந்த ஊர்களின் பெயரை அடித்தார்கள். கண்டுபிடித்த தொழிலாளிக்கு முத்திரையில் இடமில்லை. சகோதரர்களுக்கு வந்து சேர்ந்தது குறிபார்க்கும் உறுப்புச் செய்கிற சின்ன ஓடர் ஒன்று மட்டுமே.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1874 இல் ஒரு வங்கியையும் சேர்த்துக்கொண்டு, தகப்பன் கொல்லராக நின்ற அதே அரச தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார்கள். வூர்ட்டம்பேர்க் இராணுவத்துக்கு 100,000 றைபிள் செய்யும் ஓடர் கிடைத்தது. வியாபாரத்தை வில்ஹெல்ம் பார்த்தார், பட்டறையைப் பவுல் பார்த்தார். 1882 இல் வில்ஹெல்ம் நாற்பத்தேழு வயதிலேயே இறந்துபோனார். 1887 இல் பெர்லினைச் சேர்ந்த லூட்விக் லோவ கம்பனி பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. பவுல் தொழில்நுட்பத் தலைவராகத் தொடர்ந்தார். பெல்ஜியம், துருக்கி, ஸ்பெயின் என்று நாடு நாடாக ஓடர் வந்தது. 1898 இல் ஜேர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்ட 98 மாதிரி றைபிளில் அவருடைய வேலை உச்சத்தைத் தொட்டது. தானாக ரவை ஏறும் றைபிள் ஒன்றைச் சோதிக்கும்போது நடந்த விபத்தில் அவர் ஒரு கண்ணை இழந்தார். 1898 முதல் 1903 வரை ஜேர்மன் பாராளுமன்றத்திலும் இருந்தார்.

இனி வருவதுதான் என்னை யோசிக்க வைத்த விசயம். 1893 அளவில் அவருடைய தொழிற்சாலையில் பீடர்லெ என்ற குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேர் வேலை செய்தார்கள். அவர்கள் தாங்களாகவே ஒரு பிஸ்ரலை அமைத்தார்கள். ஒரு ரவை வெடித்ததும் அடுத்தது தானாக ஏறும். மரத்தால் செய்த உறையைப் பிடியில் பூட்டினால் தோளில் வைத்தும் சுடலாம். 1895 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தபோது பதிந்தது யாருடைய பெயர்? பவுல் மவுசரின் பெயர். 1896 மாதிரி என்று உலகமெல்லாம் போன, 1898 இல் சூடானில் இளம் சேர்ச்சில் கையில் வைத்திருந்த, அந்தப் பிஸ்ரலில் பீடர்லெ என்ற பெயர் எங்கும் இல்லை. தனக்கு நொறிஸும் பிரஷ்யாவும் செய்ததை, முதலாளியான பிறகு அவரும் செய்தார். வேலையாளின் மூளைக்கு முதலாளியின் முத்திரை. பக்டறியில் நிற்கிற எங்களுக்கு இது விளங்காமல் போகுமா?

தியத்தலாவையும் டோர்செஸ்ரர் சதுக்கமும்

மவுசர் துவக்குக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தென்னாபிரிக்காவின் போயர் குடியரசுகள் 1890களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மவுசர் றைபிள்களை வாங்கின. ஒறேஞ்ச் சுதந்திர நாட்டின் துவக்குகளில் ஓ, வி, எஸ் என்ற மூன்று எழுத்து அடித்திருக்கும். 1899 இல் பிரித்தானியாவோடு போர் மூண்டது. கனடாவும் ஆட்களை அனுப்பியது. 1900 பெப்ரவரியில் பார்டபேர்க் என்ற இடத்தில் கனடியப் படை அந்த மவுசர்களுக்கு முன்னால் விழுந்தும் எழுந்தும் சண்டை பிடித்தது. அந்தப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளில் ஒரு பகுதியினரை எங்கே கொண்டு போனார்கள் தெரியுமோ? இலங்கைக்கு! தியத்தலாவை முகாமில் ஏறத்தாழ 5,000 போயர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

மொன்றியல் நகர மத்தியில் டோர்செஸ்ரர் சதுக்கத்தில், திமிறுகிற குதிரையை அடக்கிப் பிடிக்கும் ஒரு சிப்பாயின் சிலை நிற்கிறது. 1907 இல் வைத்தது. அதைக் கடந்து வேலைக்குப் போகிற எங்கட ஆக்கள் எத்தனையோ பேர். அந்தப் போருக்காக வைத்த சிலைதான் அது. அதே போரின் தோற்ற பக்கம் எங்கட தீவில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது.

சட்டைப்பைத் துவக்கு

பவுலுக்கு எழுபத்திரண்டு வயதாக இருந்தபோது, 1910 இல், அவருடைய தொழிற்சாலை 6.35 மி.மீ. ரவை போடும் சின்னப் பிஸ்ரல் ஒன்றை வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும். 1914 இல் அதையே கொஞ்சம் பெரிதாக்கி 7.65 மி.மீ. அளவில் செய்தார்கள். அந்த வருடம் மே 29 ஆம் திகதி பவுல் மவுசர் காலமானார். உலகப் போர் தொடங்க இரண்டு மாதம் இருந்தது.

அவர் இறந்து மூன்று மாதத்தில், 1914 ஓகஸ்ட் 26 அன்று, கல்கத்தாவில் ஒரு சம்பவம். றொடா என்ற துவக்குக் கம்பனிக்கு வந்த 202 பெட்டிகளைத் துறைமுகத்தில் எடுக்கப்போன கிளாக்கர் சிறீஷ் சந்திர மித்ரா, 192 பெட்டிகளை மட்டும் கம்பனியில் சேர்த்தார். மீதிப் பத்துப் பெட்டிகள் மாட்டு வண்டியில் விடுதலைப் போராளிகளிடம் போயின. உள்ளே 50 மவுசர் பிஸ்ரல்கள், 46,000 ரவைகள். ஒவ்வொரு பிஸ்ரலின் இலக்கமும் கம்பனிப் புத்தகத்தில் இருந்தது. பின்னர் பொலிஸ் ஒரு மவுசரைப் பிடித்தால் இலக்கத்தை ஒப்பிட்டு, இது றொடாவில் போனது என்று கண்டுகொண்டது. 1918 இல் வந்த அரச அறிக்கையின்படி 31 மீட்கப்பட்டிருந்தன. இலக்கம் என்பது சும்மா அலங்காரம் இல்லை. அது ஆட்களைச் சிறைக்கும் தூக்குமரத்துக்கும் கொண்டுபோகக் கூடியது.

தொழிற்சாலை பவுலுக்குப் பிறகும் ஓடியது. முதல் போரில் ஜேர்மனி தோற்றபின் அங்கே நுண்ணளவுக் கருவிகளும் செய்தார்கள். மெசின் சொப்பில் வேலை செய்கிறவர்கள் மவுசர் என்று அடித்த வேனியர் கலிப்பரைக் கண்டிருப்பீர்கள், அதே பெயர்தான். இரண்டாம் போரில் பிடிபட்ட நாடுகளிலிருந்து கொண்டுவந்த பல ஆயிரம் பேரைக் கட்டாயத்தில் வேலை வாங்கினார்கள். 1945 இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்து, மெசின்களைக் கழற்றி, தொழிற்சாலையின் பதிவேடுகளையும் அழித்தது. 1949 இல் அங்கே முன்பு வேலை செய்த பொறியியலாளர்கள் மூன்று பேர் அதே ஊரில் தொடங்கிய கம்பனிதான் ஜி-3 றைபிளைச் செய்தது. அந்தப் பெயர் எங்களில் சிலருக்கு ஊரிலேயே காதில் விழுந்த பெயர்.

முத்திரையை வாசிப்பது எப்படி?

பதிவேடு அழிந்தபடியால், எந்த இலக்கம் எந்த வருடம் என்று கேட்டுத் தெரிய ஓபெர்ன்டோர்ப்பில் புத்தகம் இல்லை. இரும்புதான் சாட்சி. அறிந்தவர்கள் பார்ப்பது இவற்றைத்தான்.

முதலாவது, கம்பனியின் பெயர். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற துண்டில் எழுதியிருக்கும். மவுசர் ஆயுதத் தொழிற்சாலை என்ற பொருள்படும் பழைய ஜேர்மன் பெயர் இருந்தால் அது முந்தியது. 1922 இல் கம்பனி மவுசர் வேர்க்க என்று பெயர் மாறியது, அந்தப் பெயர் இருந்தால் பிந்தியது. விரித்த பட்டி போன்ற கோட்டுக்குள் மவுசர் என்று எழுதிய சின்னம் 1909 இலிருந்து வருவது.

இரண்டாவது, ஊரின் பெயர். மற்றக் கம்பனிகளுக்கும் இது உதவும். வால்தர் பிஸ்ரலில் செல்லா சாங்ட் பிளாசி என்று இருந்தால் 1919 க்கு முந்தியது. அந்த வருடம் பக்கத்து மேலிஸோடு சேர்ந்து ஊரின் பெயர் செல்லா-மேலிஸ் ஆனது. ஊல்ம் என்று இருந்தால் இரண்டாம் போருக்குப் பிந்தியது.

மூன்றாவது, சோதனை முத்திரை. ஜேர்மனியில் ஒவ்வொரு துவக்கையும் கூடிய மருந்து போட்டு வெடித்துப் பார்த்த பிறகே விற்கலாம். முடியும் அதன் கீழே என் என்ற எழுத்தும் இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. 1940 ஏப்ரல் 1 இலிருந்து முடி போய்க் கழுகு வந்தது. ஆகவே முடியா கழுகா என்பதைப் பார்த்தே காலத்தை இரண்டாகப் பிரிக்கலாம்.

நாலாவது, வாங்கியவரின் முத்திரை. இராணுவம் ஏற்றால் ஒரு சின்னக் கழுகும் இலக்கமும், பொலிஸ் என்றால் வேறு எழுத்து, கடற்படை என்றால் இன்னொன்று. ஆங்கிலத்தில் ஜேர்மனி என்று நாட்டின் பெயர் மட்டும் அடித்திருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா முதலிய வெளிநாட்டுக்கு அனுப்பியது.

ஐந்தாவது, தொடர் இலக்கம். உடலிலும் மேல்துண்டிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் இரண்டு துவக்கைக் கழற்றி ஒன்றாக்கியது, விலை விழுந்துபோகும். முதல் நீலப்பூச்சு அப்படியே இருந்தால் விலை கூடும். பளபளப்பாக்கிப் புதுப்பூச்சு அடித்தால், பார்க்க வடிவு, ஆனால் விலை குறையும். முத்திரையின் ஓரம் தேய்ந்திருப்பதை வைத்தே இதைக் கண்டுபிடிப்பார்கள். 1910 மாதிரியில் விசைக்கு மேலே பக்கத்தாழ்ப்பாள் வைத்த ஆரம்பத் தயாரிப்புக்கும், 1914 மாதிரியில் கூன்முதுகு என்று சொல்லப்படும் ஆரம்பச் சில ஆயிரத்துக்கும் தனி மதிப்பு. உறை, இரண்டாவது ரவைக்கூடு, கொண்டுவந்த சிப்பாயின் கடதாசி இருந்தால் இன்னும் கூடும்.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. கடையில் விற்ற சாதாரணப் பிஸ்ரலை விட, ஹிட்லர் காலத்துக் கழுகு அடித்த அதே பிஸ்ரலுக்கு விலை அதிகம். அதனால் பொய்க் கழுகு அடித்து விற்கிற கள்ளர்களும் இருக்கிறார்கள். போரைக் கண்டு ஓடிவந்த எங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அந்தக் கழுகு என்னத்தைக் கண்டதென்று கேட்க வாங்குகிறவருக்கு மனமில்லை.

கண்டெடுத்தால் என்ன செய்வது?

இரண்டு உலகப் போர்களிலிருந்தும் திரும்பிய கனடியச் சிப்பாய்கள் ஜேர்மன் பிஸ்ரல்களை ஞாபகப் பொருளாகக் கொண்டுவந்தார்கள். கிழவர் இறந்து, வீடு விற்று, பெட்டி பேஸ்மன்ரில் கிடக்கும். அமெரிக்க விலைப் புத்தகத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கனடியச் சட்டம் வேறு.

இங்கே பழையது என்றால் அன்ரிக் என்று அர்த்தமில்லை. 1898 க்கு முன் செய்யப்பட்டு, சட்டம் விலக்கிய ரவை அளவுகளில் இல்லாதது மட்டுமே அன்ரிக். 1910, 1914 மாதிரிகள் நூறு வயது தாண்டியும் அந்தக் கணக்கில் வராது. அதோடு, 1998 டிசம்பர் 1 இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி குழல் 105 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த கைத்துப்பாக்கிகளும், .25, .32 அளவுக் கைத்துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்டவை. 6.35 மி.மீ. தான் .25, 7.65 மி.மீ. தான் .32. சட்டைப்பைப் பிஸ்ரல் எல்லாம் அதற்குள் விழுந்துவிடும். 2022 ஒக்ரோபர் 21 இலிருந்து தனியார் எந்தக் கைத்துப்பாக்கியையும் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே அகப்பட்டால் தொடாதீர்கள். விசையைத் தட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே ரவை இருக்கலாம். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். காரில் ஏற்றிக்கொண்டு விலை கேட்கப் போகாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அறையைப் பூட்டி, பொலிசுக்கு அறிவியுங்கள். அவர்கள் வந்து எடுப்பார்கள். கண்டெடுத்தவர் தாமதிக்காமல் ஒப்படைக்க அல்லது அறிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அறிவிக்காமல் வைத்திருப்பது குற்றம். குடியுரிமை எடுக்காத ஒருவருக்கு அப்படியான வழக்கு நாடுகடத்தல் வரை போகக்கூடும். எத்தனை கடல் தாண்டி வந்தோம், ஒரு செத்த கிழவரின் பெட்டியால் திரும்பிப் போவதா?

பவுல் மவுசர் கெட்டிக்காரன், உழைப்பாளி, சந்தேகமில்லை. தன் பெயர் முத்திரையில் இல்லையே என்று வருந்தித் தொடங்கியவர், கடைசியில் எல்லா முத்திரையிலும் தன் பெயரைக் கண்டார். பீடர்லெ சகோதரர்களின் பெயரோ, கட்டாயத்தில் நின்று செய்தவர்களின் பெயரோ, முன்னால் நின்று செத்தவர்களின் பெயரோ அந்த இரும்பில் இல்லை. ஒரு பொருளின் மதிப்பை அதில் அடித்த பெயரை மட்டும் வைத்து எண்ணக் கூடாது. நாங்கள் செய்து அனுப்புகிற சாமான்களிலும் எங்கட பெயர் இல்லை, கம்பனியின் பெயர்தான். ஆனால் நாங்கள் செய்வது கதிரையோ, சட்டையோ, பாண் பெட்டியோ, யாரோ ஒருவர் இருந்து சுகப்படுகிற சாமான். அந்த மட்டில் எங்கட கை நல்ல கை.